நிரனிறையும் கணிமொழியும்



அண்ணாமலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடையில் எட்டு இலிங்கங்களை வணங்குகின்றனர். கிழக்கிற்கு இந்திரலிங்கம், தென்கிழக்கிற்கு அக்னிலிங்கம், தெற்கிற்கு எமலிங்கம் எனத் திசை வரிசையும் இலிங்க வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. பெயர்களை ஒரு நிரலாகவும், அவை கொள்ளும் பொருளை மற்றொரு நிரலாகவும் நிறுத்தும் இம்முறையைச் செய்யுளில் நிரனிறைப் பொருள்கோள் என்பது நன்னூல்.

கணிப்பொறி உலகிலும் இந்நெறியில் இயங்கும் மொழி உண்டு. கனடாவில் 1920இல் பிறந்த கென்னத் ஐவர்சன் வகுத்த குறியீட்டு முறை 1962இல் நூலாகி, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஏ.பி.எல். என்னும் மொழியாயிற்று. அதில் 1, 2, 3 என்னும் நிரலோடு 10, 20, 30 என்னும் நிரலைக் கூட்டினால் 11, 22, 33 என விடை வரும். இது முறை நிரனிறை. இரண்டாம் நிரலைத் திருப்பும் குறி ஒன்றை இட்டால் 31, 22, 13 என வரும். இது எதிர் நிரனிறை. ஒரு நிரலில் எட்டும் மற்றதில் ஏழும் இருப்பின், நீளப்பிழை என்று கூறிக் கணிப்பொறி நின்றுவிடும். புலவர் அவையிலும் அத்தகைய பாட்டுக்கு அதுவே தீர்ப்பு.

இம்மொழியின் குறிகள் வழக்கமான தட்டச்சில் இல்லாதவை. அவற்றை அச்சிடத் தனி எழுத்துருண்டை வேண்டியிருந்தது. குறிகளுக்கு வரிதோறும் பொருள் கண்டு செயற்படுத்தும் இன்டர்பிரட்டர் என்னும் மென்பொருளே இதன் உரையாசிரியர். அவ்வுரையாசிரியர் ஒரு நிறுவனத்தின் உடைமையாக மட்டும் இருந்து, அந்நிறுவனம் கைவிட்டால், எழுதிய நிரல்கள் யாவும் ஊமையாகும்.

ஓலைச்சுவடி ஒரு வீட்டுப் பரணில் இருந்தவரை அவ்வீட்டாருடையது, உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபின் அது நாட்டாருடையது. யூர்கன் சவர்மன் ஆக்கிய குனு ஏ.பி.எல். 2013இல் முதற்பதிப்புக் கண்டபோது அதுபோன்றதொரு பணியே நிகழ்ந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். வழங்குவோர் அவ்வுரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

தமிழிலும் இம்முயற்சி இல்லாமலில்லை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் கணிமொழி, பதிப்பி முதலிய தமிழ்ச் சொற்களால் ஆணையிடுகிறது. அதுவும் கட்டற்ற மென்பொருளே. ஆயினும் நிரனிறை, எதிர் நிரனிறை முதலிய சொற்கள் தேர்வுத்தாளில் மட்டும் வாழ்கின்றன. கணிப்பொறிக்குச் சொல் தேடுவோர் அகராதியில் துழாவுகின்றனர். இலக்கணமோ அருகில் காத்திருக்கிறது. அவ்விரு நிரல்களையும் பொருத்தி வைத்தல் யாப்பறிந்தோர் கடன்.