மலையை அறிந்தவர்கள் நாம்

(உலக சுற்றாடல் தினத்தையொட்டி தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரை)



ஜூன் 5 வந்தால் பாடசாலைகளில் மரம் நடுவார்கள், பதாகை பிடிப்பார்கள். "இயற்கையோடு நேரம் செலவிடுங்கள், அப்போதுதான் சுற்றாடல் மீது அக்கறை வரும்" என்று பேசுவார்கள். கொழும்பில் மாடிவீட்டில் வளருகிற பிள்ளைக்கு அது நல்ல புத்திமதிதான். ஆனால் காலையில் பெரட்டுக்கு நின்று, மலையேறி, பனியிலும் மழையிலும் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்குகிற நமக்கு அதை யார் சொல்லித்தர வேண்டும்? தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில்தான் நமது நேரமெல்லாம் போயிருக்கிறது.

அந்த நேரம் நமக்கு என்ன கற்றுத் தந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். எந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று அந்த மலையில் கொழுந்து எடுக்கிற அக்காவுக்குத்தான் முதலில் தெரியும். எந்தப் பீலி வெயில் காலத்திலும் வற்றாது என்று லயத்துப் பாட்டிக்குத் தெரியும். எந்தக் கான் அடைத்தால் எந்த மலையில் மண் இறங்கும் என்று கான் வெட்டுகிற அண்ணனுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையில் பெருமழை பெய்தால் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இதுவும் சுற்றாடல் அறிவுதான். சான்றிதழ் இல்லை என்பதால் அது அறிவு இல்லை என்று ஆகிவிடாது.

அப்படியானால் இந்த அறிவு ஏன் நம்மைக் காப்பாற்றவில்லை?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை சரிந்தது. லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும், போவதற்கு வேறு வீடும் காணியும் நம்மவர்களுக்கு இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. ஆபத்து தெரிந்தால் மட்டும் போதாது, தெரிந்ததைச் சொல்ல இடமும், சொன்னதைக் கேட்க ஆளும், எழுந்து போக ஒரு துண்டுக் காணியும் வேண்டும். அதனால்தான் சுற்றாடல் நமக்குத் தொழிற்சங்கப் பிரச்சினை.

இன்னொன்றையும் யோசிப்போம். மலையில் இருந்தால் மட்டும் மலையைப் பார்த்ததாக ஆகுமா? நிறை குறைந்தால் அரைப் பேர் என்ற பயத்தோடு நிற்கும்போது கண்ணுக்குக் கொழுந்து மட்டும்தான் தெரியும். பக்கத்தில் கான் அடைத்திருப்பதைப் பார்த்தாலும், "அது என் வேலை இல்லை" என்று கடந்து போகிறோம். சுற்றுலா வருகிறவர் ஒரு நாள் வந்து மலையை ரசித்துவிட்டுப் போகிறார். ஆயுள் முழுக்க இங்கே நிற்கிற நமக்கு நிமிர்ந்து பார்க்க ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. கிலோவை மட்டுமே கணக்கெடுக்கிற முறை, மண்ணைக் காக்கிற வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை. கான் துப்புரவு செய்கிற ஆட்களைக் குறைத்துவிட்டு, மண் போனபின் விளைச்சல் குறைகிறது என்று தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமா?

நமது குறையையும் மறைக்காமல் பேசுவோம். லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் பொலித்தீனையும் பம்பர்ஸையும் போடுகிறவர்கள் நாமும்தான். குப்பை எடுக்க வண்டி வருவதில்லை என்பது உண்மை. ஆனால் கொத்மலை ஓயாவில் போட்டது மகாவலியில் சேரும், மகாவலி திருகோணமலையில் கடலில் விழும். நாம் ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறோம், கீழே குடிக்கிறவர்களும் நம்மைப்போல் ஏழைகள்தான்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறித் தோட்டத்தில் இருந்த கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்தது. கண்ணி வைக்கிறவர் பெரும்பாலும் காட்டுப் பன்றியைத்தான் நினைத்து வைக்கிறார். பன்றி ஒரே இரவில் மரக்கறிப் பாத்தியை நாசமாக்கும் வேதனை நமக்கும் தெரியும். ஆனால் கம்பிக்குப் பன்றியும் தெரியாது, சிறுத்தையும் தெரியாது. அதில் நாயும் மாட்டும், நமது காலும் மாட்டும். சிறுத்தை இருக்கிற காட்டில்தான் பன்றிக்கும் ஒரு பயம் இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நம்ம கஷ்டம் பிள்ளைக்கு வேண்டாம்" என்று அவர்களை மலைக்கு விடாமல் வளர்க்கிறோம். அது சரிதான், அவர்கள் படித்து வேறு தொழிலுக்குப் போகட்டும். ஆனால் கூடை சுமக்க வேண்டாம் என்பதற்காக, மலையே தெரியாமல் வளர வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை பீலி எங்கே பிறக்கிறது என்று காட்டுங்கள். பாட்டியிடம் மூலிகையின் பேரைக் கேட்கச் சொல்லுங்கள். நாளைக்கு எஞ்சினியராகவோ கிராம சேவகராகவோ வருகிற அந்தப் பிள்ளை, பாட்டி சொன்னதை அறிக்கையில் எழுதும்.

இந்த வகுப்பிலிருந்து போகும்போது நான்கு வேலைகளைக் கொண்டு போவோம்.

ஒன்று, மாதம் ஒருமுறை கமிட்டியாக லயத்துக்கு மேலே உள்ள மலையை நடந்து பார்ப்போம். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரமும் கம்பமும், திடீரென்று கிளம்புகிற ஊற்று, கலங்கி வருகிற பீலித் தண்ணீர், சுவர் வெடித்து இறுகிப்போன கதவு, இவையெல்லாம் மண்சரிவின் அறிகுறிகள். கண்டதைத் திகதி போட்டு எழுதி, கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுத்து, பிரதியை நாம் வைத்துக்கொள்வோம். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைப்போம்.

இரண்டு, தோட்டங்களில் மழையை அளந்து எழுதுவது பழைய வழக்கம். அந்த அளவை மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் பெரட்டில் அறிவிக்கும்படி கேட்போம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் ஆபத்தான இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

மூன்று, கான் துப்புரவையும் மண் காக்கிற வேலையையும் முழுப் பேர் தருகிற வேலையாக்கும்படி பேச்சுவார்த்தையில் வைப்போம்.

நான்கு, நமது லயத்தில் கண்ணி வேண்டாம், ஆற்றில் பொலித்தீன் வேண்டாம் என்று நாமே முடிவெடுப்போம். அப்போதுதான் குப்பை வண்டி கேட்டு பிரதேச சபைக்குப் போகும்போது நம் குரலுக்குப் பலம் இருக்கும்.

தோழர்களே, இந்த மலையைப் பற்றி முடிவெடுக்கிற மேசையில் இதுவரை நமக்கு நாற்காலி போடவில்லை. நாம் எழுதி வைக்கிற ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு மழைக் கணக்கும் அந்த நாற்காலியைக் கேட்கிற சாட்சியாகும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் முதல் நடையைத் தொடங்குவோம்.