கலைக்களஞ்சியத்தில் களையெடுத்தல்

(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணினி பயிலும் மாணவராகிய நாம், ஐயம் ஒன்று எழுந்தால் முதலில் நாடுவது இணையக் கலைக்களஞ்சியத்தையே. 2001ஆம் ஆண்டில் தொடங்கிய விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். அதுவே அதன் பலம், பலவீனமும் அதுவே. அங்கே புகுந்த பிழை மாணவரின் குறிப்பேட்டுக்கும், பின்னர் பரீட்சை விடைத்தாளுக்கும் செல்கின்றது. ஆகவே, கண்டவர் வாளாவிருத்தல் தகாது.

பொருள்நோக்கு நிரல்மொழிகளை உதாரணமாகக் கொள்வோம். தரவையும் அதன்மீது நிகழும் செயல்களையும் 'பொருள்' என்னும் ஓர் அலகினுள் சேர்த்து நிரல் எழுத உதவும் மொழிகள் இவை. இவற்றுள் முதலாவது ஸ்மோல்டோக் என்று ஒரு கட்டுரை கூறுமாயின், அது பிழை. நோர்வேயின் ஒஸ்லோ நகரிலே டால், நைகார்ட் என்னும் அறிஞர் இருவர் ஆக்கிய சிமியூலா 67 இல் வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய மூன்றும் இருந்தன. ஸ்மோல்டோக்கோ 1970களில், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆய்வு நிலையத்தில் வளர்ந்த மொழி.

அப்படியாயின் ஸ்மோல்டோக்கின் பெயரை வெட்டிவிட்டால் போதுமா? போதாது. 'பொருள்நோக்கு' என்று இம்முறைக்குப் பெயர் சூட்டியவர், ஸ்மோல்டோக்கை ஆக்கியோருள் ஒருவரான அலன் கே. கருவைத் தந்தோர் ஒரு சாரார். பெயரிட்டுப் பரப்பியோர் மற்றொரு சாரார். டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு முன்னவர் இருவருக்கும், 2003ஆம் ஆண்டுக்கு அலன் கேக்கும் வழங்கப்பட்டது. ஒருவருக்கு நீதி செய்யப் புகுந்து மற்றவருக்கு அநீதி இழைப்பது திருத்தமாகாது.

திருத்துவோருக்கு வேண்டியவை இரண்டு. முதலாவது சான்று. "எமக்குத் தெரியும்" என்பது அங்கே செல்லாது. நாமே நிரலை இயக்கிக் கண்டோம் என்பதும் போதாது. நம்பத்தகுந்த நூலோ ஆய்வுக் கட்டுரையோ காட்டல் வேண்டும். இரண்டாவது பணிவு. பிழைபட எழுதியவரும் ஊதியமின்றி உழைத்த ஒருவரே. அவரை இகழாது, உரையாடற் பக்கத்தில் காரணத்தை எடுத்துரைத்தல் வேண்டும். பழைய வடிவங்கள் யாவும் வரலாற்றுப் பக்கத்தில் நிலைத்திருப்பதால், நாம் செய்த திருத்தமும் நாளை பிறரால் சோதிக்கப்படும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டிலே தோன்றியது. ஆங்கிலக் கட்டுரையை அப்படியே பெயர்த்தால் அதன் பிழையும் கூடவே பெயர்ந்து வரும். எனவே, இளைஞர்களே, படிக்கும்போதே சோதியுங்கள், சான்றோடு திருத்துங்கள். நமக்குப் பின் படிக்க வரும் தம்பி தங்கையர்க்கு நாம் செய்யக்கூடிய தொண்டு இது.