கடல் நடுவே ஒரு பள்ளி



தொலைவிலுள்ள மக்களுக்குத் தொண்டு புரிய வேண்டும் என்னும் ஆர்வம் இளமைக்கு இயல்பானது. கல்வி கற்று முடித்தோர் சிலர் ஊதியத்தையும் வசதியையும் ஒருபுறம் ஒதுக்கிவைத்து, கடல் கடந்து சென்று, எழுத்தறியாச் சிறுவர்க்கு எழுத்தறிவிக்க விழைகின்றனர். இத்தகைய தொண்டர்களை அயல்நாடுகளுக்கு அனுப்புவதற்கென்றே 1958-இல் இங்கிலாந்திலும் 1961-இல் அமெரிக்காவிலும் அமைப்புகள் தோன்றின. ஆயினும், அதற்கு நூறாண்டு முன்னரே கிறித்தவத் திருச்சபைகளின் வழியாகத் தனி மனிதர் பலர் இப்பணியை மேற்கொண்டிருந்தனர். அவர்கள் பெற்ற வெற்றி எத்தகையது, அவர்களால் இயலாமற் போனது யாது என்று ஆராய்வது, இன்று அவ்வாறு புறப்பட எண்ணுவோர்க்குப் பெரிதும் பயன்படும். பல நாடுகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

அவ்வூர் டிரிஸ்டன் டா குன்ஹா என்னும் தீவில் உள்ளது. தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கும் ஓர் எரிமலையே இத்தீவு. மலையின் உச்சி 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. ஆப்பிரிக்காவின் தென் கோடியிலுள்ள கேப்டவுன் நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர்த் தொலைவில் இருக்கிறது. மக்கள் வாழும் அண்டை நிலமாகிய செயிண்ட் ஹெலினாத் தீவோ ஏறத்தாழ 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விமான நிலையம் இன்றும் இங்கு இல்லை. கேப்டவுனிலிருந்து கப்பலேறினால் ஒரு வாரம் செல்லும். 1506-இல் இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த போர்த்துக்கீசியக் கப்பற்படைத் தலைவர் ஒருவர் இதனைக் கண்டார். அவர் பெயரே தீவுக்கும் நிலைத்தது.

1816-இல் ஆங்கிலப் படையொன்று இங்கு வந்து தங்கியது. மறு ஆண்டில் படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்னும் சிப்பாய் தம் மனைவி மக்களுடன் இங்கேயே தங்க இசைவு பெற்றார். அவரும் உடன் தங்கிய இருவரும் 1817-இல் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். உடைமை யாவும் அனைவர்க்கும் சமம். ஒருவரும் மற்றவரைவிட உயர்ந்தவர் அல்லர் என்பது அதன் சாரம். பின்னர்க் கப்பல் உடைந்து கரை சேர்ந்தோரும், 1827-இல் செயிண்ட் ஹெலினாவிலிருந்து வந்த மகளிரும் சேர்ந்து இச்சிற்றூரை வளர்த்தனர். உருளைக்கிழங்கு பயிரிட்டும், மீன் பிடித்தும், ஆடு மாடு வளர்த்தும், அவ்வழியே செல்லும் பாய்மரக் கப்பல்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து மாவும் துணியும் பெற்றும் இவர்கள் வாழ்ந்தனர். உண்பதற்கு இருந்தது, உடுப்பதற்கும் ஒருவாறு கிடைத்தது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஆசிரியர்தாம் இல்லை.

அக்குறையைத் தீர்க்க 1851-இல் முதலாவதாக வந்தவர் டெய்லர் என்னும் பாதிரியார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தங்கி, வழிபாடு நடத்தினார். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அவர் சென்றபின் சுமார் 25 ஆண்டுகள் ஆசிரியர் எவரும் வரவில்லை. 1881-இல் எட்வின் டாட்ஜ்சன் வந்தார். ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்னும் கதையை லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதினாரே, அவருடைய இளைய சகோதரர் இவர். தீவுக்கு வந்த அளவிலேயே இவரை ஏற்றிவந்த கப்பல் உடைந்து, இவர் கொண்டுவந்த பொருள்களிற் பெரும்பகுதி கடலோடு போயிற்று. எனினும் இவர் தளராமற் பள்ளி நடத்தி, 1884-இல் திரும்பினார். அடுத்த ஆண்டு நவம்பரில் தீவின் ஆடவர் பதினைவர் ஒரு படகிலேறி, தொலைவிற் சென்ற கப்பலொன்றை எட்டிப் பண்டமாற்றுச் செய்யச் சென்றனர். அவர்களுள் ஒருவரும் மீளவில்லை. சிறிய ஊர் அது. உழைக்கும் ஆண்மக்களிற் பெரும்பாலோரை ஒரே நாளில் இழந்தது. அச்செய்தியறிந்த டாட்ஜ்சன் 1886-இல் மீண்டும் வந்து, 1889 வரை அம்மக்களுடன் இருந்தார். முதல் முறை வந்ததைக் காட்டிலும் இவ்வாறு இரண்டாம் முறை வந்ததே அவருடைய அன்புக்குச் சான்று எனலாம்.

பின்னர் மீண்டும் பதினேழு ஆண்டு இடைவெளி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், பாய்மரக் கப்பல்கள் குறைந்து நீராவிக் கப்பல்கள் பெருகியதும் தீவின் தனிமையை மிகுவித்தன. ஆண்டுக்கு ஒரு முறை தபால் வந்தாலே பெரும் பேறு என்னும் நிலை ஏற்பட்டது. அந்நாளில், 1906-இல், கிரகாம் பாரோ என்னும் பாதிரியாரும் அவர் மனைவியாரும் இத்தீவுக்குத் தாமே முன்வந்து பணிபுரிய வந்தனர். அவர்கள் வந்த காரணம் நம் நாட்டோடும் சிறிது தொடர்புடையது. 1821-இல் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பிளெண்டன் ஹால் என்னும் கப்பல், டிரிஸ்டனுக்கு அண்மையிலுள்ள ஆளில்லாத் தீவொன்றில் மோதி உடைந்தது. அதில் இருந்தோர் பல மாதம் அல்லலுற்றபின் டிரிஸ்டன் மக்களால் மீட்கப்பட்டனர். அவ்வாறு பிழைத்தவருள் சிறு குழந்தையாயிருந்த ஒருவரே பின்னாளில் பாரோ பாதிரியாரின் தாயாரானார். தாய் பட்ட கடனை மகன் தீர்க்க வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

பாரோ தம்பதியர் மூன்றாண்டுகள் அங்கு வாழ்ந்தனர். அவ்வாழ்க்கையைப் பாரோ அம்மையார் நாட்குறிப்பும் கடிதமுமாக எழுதி 1910-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலைப் பயில்வோர்க்கு ஒரு தொண்டரின் நாள் எவ்வாறு கழியும் என்பது விளங்கும். கரிய எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய வீடு, புல் வேய்ந்த கூரை, ஓயாத காற்று. அங்கே சிறுவர்க்கு ஆசிரியர், நோயுற்றோர்க்கு மருந்து தருபவர், இறந்தோர்க்கு இறுதிச் சடங்கு செய்பவர், எழுதத் தெரியாதோர்க்குக் கடிதம் எழுதுபவர் எல்லாம் அவ்விருவரே. பள்ளியின் கால அட்டவணையை வகுப்பதும் ஆசிரியர் அல்லர். கடலும் நிலமுமே வகுத்தன. கிழங்கு நடும் பருவமானால் பெரிய பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவர். தொலைவில் ஒரு பாய் தெரிந்துவிட்டாலோ, ஊர் முழுவதும் கடற்கரையில் நிற்கும். அன்று பாடம் எங்கே நடக்கும்?

பாரோ தம்பதியர் 1909-இல் திரும்பினர். அடுத்து ரோஜர்ஸ் என்னும் பாதிரியாரும் அவர் மனைவியாரும் வந்தது 1922-இல். அவர்களும் மூன்றாண்டுகள் பணிபுரிந்தனர். 1923-இல் ஊருக்கு ஒரு தேவாலயம் எழுந்ததும் அவர்கள் காலத்திலேதான்.

நேயர்களே, இவ்வாண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1851 முதல் 1925 வரை எழுபத்து நான்கு ஆண்டுகள். அவற்றுள் வெளியிலிருந்து வந்த ஆசிரியர் இருந்த காலம் எல்லாம் கூட்டினும் இருபது ஆண்டுகளுக்கு மேற்படாது. ஒரு தலைமுறை எழுத்துக் கற்றது. அடுத்த தலைமுறை கல்லாமல் வளர்ந்தது. வந்தவர் ஒவ்வொருவரும் மீண்டும் முதலெழுத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அவர்களுடைய தியாகத்தில் குறை காண்பது நம் நோக்கமன்று. அன்புக்கும் உழைப்புக்கும் அவர்களிடம் பஞ்சமில்லை. ஆனால், வருபவரை மட்டும் நம்பியிருக்கும் பள்ளி, அவர் கப்பலேறும் நாளிலேயே மூடப்படும் பள்ளி அன்றோ? தொண்டர் தாம் இருக்கும்போது எத்தனை பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பதோடு, தாம் சென்றபின் கற்பிக்க எத்தனை பேரை ஆயத்தம் செய்தார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவதாக நாம் கருதத் தக்கது அதிகாரத்தைப் பற்றியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே. வெளியுலகிலிருந்து வரும் நன்கொடைப் பொருள்கள் அவர் கை வழியே வருகின்றன. அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுபவரும் அவரே. அத்தகையவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவ்வூரின் தலைவராகிவிடுகிறார். டிரிஸ்டன் மக்களோ ஒருவருக்கொருவர் சமம் என்று எழுதி வைத்து ஊரைத் தொடங்கியவர்கள். 1937-இல் நார்வேயிலிருந்து சென்ற ஆராய்ச்சிக் குழுவில் ஒருவராய் அங்கு தங்கிய பீட்டர் மன்க் என்னும் சமூகவியல் அறிஞர், பல்லாண்டு ஆராய்ந்து 1971-இல் வெளியிட்ட நூலில், பிறர்க்கு அடங்கி வாழாத இயல்பே இவ்வூரின் உயிர்நாடி என்று காட்டினார். அத்தகைய மக்களிடையே ஆசிரியர் ஆணையிடுபவராக மாறுவாராயின், எழுத்தைக் கொடுத்து, அதனினும் அரிய ஒன்றை அவர் பறித்தவராவார்.

மூன்றாவது, இவற்றினும் நுட்பமானது. டெய்லர், டாட்ஜ்சன் இருவருமே, மக்கள் இத்தீவைவிட்டு வெளியேறுவதே அவர்களுக்கு நன்மை என்று கருதினர். டெய்லர் திரும்பும்போது மக்களிற் பெரும்பகுதியினர் அவருடன் ஆப்பிரிக்காவுக்குச் சென்றுவிட்டனர். நல்லெண்ணத்தாற் கூறிய கருத்தே அது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. ஓர் ஊருக்குப் பாடம் சொல்லச் சென்றவர், அவ்வூர் இருக்கலாமா இருக்கலாகாதா என்று தீர்ப்புச் சொல்லவும் உரிமை பெற்றவரா? பிள்ளைகள் கல்வி கற்பது ஊரைவிட்டுச் செல்வதற்கா, ஊரிலே நன்கு வாழ்வதற்கா?

இவ்வினாவுக்கு விடை தரும் வாய்ப்பு அம்மக்களுக்கே ஒரு நாள் கிட்டியது. 1961 அக்டோபரில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. தீவினர் 264 பேரும் படகேறி உயிர் தப்பினர். கேப்டவுன் வழியாக இங்கிலாந்து கொண்டுசெல்லப்பட்டு, கால்ஷாட் என்னுமிடத்திற் குடியமர்த்தப்பட்டனர். மின்விளக்கு, தொலைக்காட்சி, ஊதியம் தரும் வேலை, ஒழுங்கான பள்ளிக்கூடம் ஆகிய எல்லாம் இருந்தன. ஓராண்டுக்குப் பின், 1962 டிசம்பரில், திரும்புவதா இல்லையா என்று வாக்கெடுத்தனர். திரும்பவேண்டும் என்றோர் 148 பேர். வேண்டா என்றோர் ஐவர். 1963-இல் பெரும்பாலோர் தம் தீவுக்கே மீண்டனர். அவர்கள் இரு வாழ்வையும் கண்டு, எண்ணிப் பார்த்து, தம் ஊரைத் தேர்ந்தனர். நூறாண்டுக்கு முன் வெளியார் சொன்ன தீர்ப்பை அவர்கள் அமைதியாக மாற்றி எழுதினர்.

பள்ளியின் கதையும் அவ்வாறே முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், ஆங்கிலக் கடற்படை இங்கு வானிலை நிலையமும் வானொலி நிலையமும் அமைத்தது. அதன்பின் மருத்துவமனையும் முறையான பள்ளியும் வந்தன. சிங்கி இறால் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில் ஏற்பட்டதும் ஊருக்கு வருவாய் உண்டாயிற்று. 1975-இல் இன்றைய பள்ளிக் கட்டடம் திறக்கப்பட்டது. 250-க்கும் குறைவான மக்களே வாழும் அவ்வூரில், தீவில் பிறந்து வளர்ந்தவர்களே பெரும்பாலும் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கின்றனர். வெளியிலிருந்து ஆசிரியர் வந்தால் வரவேற்கின்றனர். வராவிட்டாலும் பள்ளி மணி ஒலிக்கின்றது. மேற்படிப்பு விரும்புவோர் கடல் கடந்து செல்கின்றனர். செல்வதும் திரும்புவதும் அவரவர் விருப்பம்.

அப்படியானால் டெய்லரும் டாட்ஜ்சனும் பாரோவும் ரோஜர்ஸும் பட்ட பாடு வீண்தானா என்று கேட்கத் தோன்றலாம். வீணன்று. கல்வி என்று ஒன்று உண்டு, அது தம் பிள்ளைகளுக்கும் உரியது என்னும் எண்ணத்தை அம்மக்கள் நெஞ்சில் அணையாமற் காத்தவர்கள் அவர்களே. வித்திட்டவர் விளைவைக் காணாமற் போவது உழவிலும் உண்டு, கல்வியிலும் உண்டு.

இன்று நம் இளைஞர் பலர் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்கோ, பசிபிக் தீவுகளுக்கோ, நம் நாட்டின் மலைச் சிற்றூர்களுக்கோ ஆசிரியத் தொண்டு செய்யச் செல்ல விழையலாம். அவர்கள் தம்மோடு எடுத்துச் செல்லத்தக்க கருத்துகள் மூன்று இக்கதையிற் கிடைக்கின்றன. சென்ற முதல் நாளிலிருந்தே, அவ்வூரிற் பிறந்த ஒருவரையேனும் ஆசிரியராக்க முயலவேண்டும்; ஓராண்டே தங்குபவராயின், தமக்கு முன் வந்தவர் நடத்திய பாடத்தைத் தொடர்ந்து, தமக்குப் பின் வருபவர்க்குக் குறிப்பு எழுதி வைத்துச் செல்லவேண்டும். ஊரின் பண்டசாலைச் சாவியும் வழக்குத் தீர்க்கும் பொறுப்பும் தம் கையிற் சேராதவாறு காத்துக்கொள்ளவேண்டும். அம்மக்கள் எங்கே, எவ்வாறு வாழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையதே என்பதை ஒருபோதும் மறத்தலாகாது.

தாம் இல்லாமலும் நடக்கும் ஒரு பள்ளியை விட்டு வருபவரே தொண்டில் முழுமை பெற்றவர். அவர் ஏறிய கப்பல் கண்ணுக்கு மறையும்போது கரையில் நிற்போர் வருந்துவர், அது இயல்பே. ஆனால் மறுநாட் காலையில் பிள்ளைகள் பலகையும் கையுமாகப் பள்ளிக்குச் செல்வார்களாயின், அவர் சென்ற காரியம் நிறைவேறிற்று என்று கொள்ளலாம்.