விருப்பப் பாடமும் ஹெய்ட்டிப் புரட்சியும்



மறுமலர்ச்சியில் தொடங்கி, மதச் சீர்திருத்தம், அமெரிக்க சுதந்திரப் போர், பிரெஞ்சுப் புரட்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து உலக யுத்தங்களில் முடிகிற கட்டாயப் பாடத்தைக் கல்லாமல் ஒருவர் சரித்திர மாணாக்கர் ஆகிவிட முடியாது என்பதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் சமயத்தில், எதற்குக் குறிப்புகள் ஆயத்தமாகக் கிடைக்கும், எதில் மதிப்பெண் எளிதில் வரும் என்று விசாரித்துக்கொண்டு வருபவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுண்டு: படித்து முடித்தாயிற்று என்று நீங்கள் மூடிவைத்த ஓர் அத்தியாயத்தை எந்த விஷயம் மறுபடி திறக்கச் செய்யுமோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெய்ட்டிப் புரட்சி அத்தகையது. 1789 ஆகஸ்டில் பிரான்சின் தேசிய சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது, ஐரோப்பா அருந்திய காப்பியிலும் சர்க்கரையிலும் பெரும் பகுதியை விளைவித்துத் தந்த சான்-தொமேங் என்னும் கரீபியக் குடியேற்ற நாட்டில், ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழன்றுகொண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1791 ஆகஸ்டில், வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

1794 பிப்ரவரி 4-ஆம் தேதி பாரிஸ் மாநாட்டுச் சபை அடிமைமுறையை ஒழித்தது என்று பாடநூலில் ஒரு வரி வரும். படிப்பவர் அதைச் சட்டம் இயற்றியவர்களின் தயாள குணத்துக்குச் சான்றாக எண்ணிக் கடந்துவிடுவார். விருப்பப் பாடமாக எடுத்து ஆராய்கிற மாணவரோ, அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, 1793 ஆகஸ்டில், ஆயுதமேந்திய அடிமைகளின் துணையின்றிக் குடியேற்ற நாட்டைக் காக்க வழியில்லாத நிலையில், சோந்தொனா என்னும் பிரெஞ்சு ஆணையர் வடபகுதியில் விடுதலையைப் பிரகடனம் செய்ய நேர்ந்தது என்பதையும், அங்கிருந்து கடல் கடந்து வந்த பிரதிநிதிகளைக் கண்ட பிறகே பாரிஸ் அதனை அங்கீகரித்தது என்பதையும் காண்பார். தேதிகளை வரிசைப்படுத்தும் இந்தச் சிறு காரியத்திலேயே காரணமும் காரியமும் இடம் மாறிவிடுகின்றன. பாரிஸின் புரட்சியையே இனி வேறு கண்களால் படிக்க வேண்டியிருக்கிறது. சரித்திரக் கல்வியில் இதைவிடப் பெரிய ஆனந்தம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நெப்போலியன் 1801-இன் இறுதியில் பெரும்படை அனுப்பினார். அடிமையாகப் பிறந்து தளபதியாக உயர்ந்த தூசேன் லூவெர்த்தூர், பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்டு வஞ்சகமாகச் சிறைப்பிடிக்கப்பட்டு, ஜுரா மலைக் கோட்டையொன்றில் 1803 ஏப்ரலில் உயிர்நீத்தார். மஞ்சள் காய்ச்சலும் புரட்சித் தளபதி தெசலீனின் சேனையும் படையெடுத்தவர்களை அழிக்க, 1804 ஜனவரி முதல் நாள் சான்-தொமேங் ஹெய்ட்டி என்னும் சுதந்திர நாடாயிற்று. 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களோடு ஓர் அரச கட்டளையை அனுப்பி, தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டார். விடுதலை பெற்ற மக்களே தம் விடுதலைக்கு நஷ்டஈடு செலுத்த வேண்டுமாம்! 1838-இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்ட பின்னும், அதற்காக வாங்கிய கடன்கள் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டை வருத்தின.

ஆகவே ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். டிரினிடாடில் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938-இல் வெளியிட்ட ‘கறுப்பு ஜாக்கொபின்கள்’ என்னும் நூலை மாணவர் கையில் கொடுங்கள். 1789-இன் பிரகடனம், 1794-இன் தீர்மானம், 1825-இன் அரச கட்டளை ஆகிய மூன்று ஆவணங்களையும் அருகருகே வைத்து, ஒரு பருவம் முழுவதும் அவற்றைப் பற்றியே எழுதச் சொல்லுங்கள்.