கிளைக்குக் கணினி வாங்குமுன்

தோழர்களே,

தஞ்சோங் ரம்புத்தான் கிளைக்கு மேசைக் கணினி ஒன்று வாங்கப் போகிறோம். தேர்ந்தெடுப்பவர்கள் கிராணிமாராக இருக்கலாம். பணமோ விடியுமுன் கத்தியெடுத்துப் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டிய சந்தா. ஆதலால் மலிவு என்ற சொல்லுக்கு நாம் மயங்கலாகாது.

பழைய கணினி குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமாயின், இன்டெல் சில்லு பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் குறையலாகாது. நினைவகம் 8 ஜிபியாவது இருக்கட்டும். சுழலும் தட்டை விட எஸ்.எஸ்.டி. அதிர்ச்சியைத் தாங்கும், வேகமும் அதிகம். மின்சாரம் திடீரென நின்றால் கணக்கு கெடாதிருக்க யு.பி.எஸ். வேண்டும். இடி இடித்தால் இணைப்பைக் கழற்றிவிடுவோம்.

ரசீதையும் உத்தரவாதத்தையும் எழுத்திலே கேட்டு வாங்குவோம். வீட்டுக்கு வாங்கிய கணினியில் ஏமாற்றப்பட்டால், 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். ரசீதில்லாமல் வழக்கை எப்படி நிறுத்துவது?

எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். சந்தாக் கணக்கும் சேமநிதிப் புகார்களும் அதனோடு அழியலாமா? வாரந்தோறும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்போம். தொழிலாளி கேட்கும்போது கணக்கைக் காட்ட முடிய வேண்டும், அதற்காகவே கணினி.