விளையாட்டுச் சந்தையில் மலிவுச் சரக்கு



மதுரைக்கு அண்மையில், வைகைக் கரைச் சமவெளியிலுள்ள கீழடியில் அகழ்ந்தபோது, பானைகளோடு சுடுமண் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறுமி ஒருத்தி, உடைந்த ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கித் தன் சில்லைத் தானே ஆக்கிக்கொண்டிருப்பாள். அதில் குறை இருந்தால் அவள் கண்ணுக்கே தெரிந்திருக்கும். இன்றோ விளையாட்டு கடைச்சரக்காகித் திரையில் ஓடும் ‘வீடியோ கேம்’ ஆகிவிட்டது. வாங்கி ஆடிப் பார்க்கும் வரையில் அதன் குணம் வெளியே தெரிவதில்லை. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டிகள் மலிவாக வந்து குவிந்தன. ஜப்பானிய நிண்டெண்டோ கருவியின் நகல்கள் அவை. அவற்றில் செருகும் ‘கேசட்’டின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவையோ கைவிரல் கணக்கில் அடங்குபவை. அதே மரியோ ஆட்டம் இரண்டாம் கட்டத்தில் தொடங்கினால் அது வேறோர் ஆட்டம். நிறம் மாறினால் இன்னோர் ஆட்டம்! இந்தக் கணக்கைக் கண்டுகொள்ள ஒரு கோடை விடுமுறை போதாது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், அமெரிக்காவில் இதே நோய் ஒரு தொழிலையே சாய்த்திருந்தது. அட்டாரி என்னும் நிறுவனத்தின் ஆட்டப் பெட்டி அங்கே வீடுதோறும் பரவியிருந்த காலம். இலாபத்தைக் கண்டு யார் யாரோ அதற்கு ஆட்டங்கள் செய்யப் புகுந்தனர். ஓட்ஸ் கஞ்சிக்குப் பெயர்பெற்ற குவேக்கர் நிறுவனமும் புகுந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். அட்டாரியே 1982-இல், ‘இ.டி.’ என்னும் புகழ்பெற்ற திரைப்படத்தின் பெயரால் ஓர் ஆட்டத்தை ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் செய்வித்துக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அனுப்பியது. வாங்கியவர்கள் வெறுத்தனர். விற்காத சரக்கை, 35 டாலருக்கு விற்க வேண்டியதை, 5 டாலருக்குத் தள்ளத் தொடங்கினர் கடைக்காரர்கள். 1983-இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அந்நாட்டு வணிகம் 1985-இல் 10 கோடி அளவுக்குச் சரிந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். தேங்கிய கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில், அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைக் குழியில் 1983-இல் புதைத்தார்கள். 2014-இல் அந்தக் குழியைத் தோண்டியபோது ‘இ.டி.’ மட்டுமா கிடைத்தது? பலரும் விரும்பி ஆடிய நல்ல ஆட்டங்களும் அதனோடு ஒரே குழியில் கிடந்தன.

தீயது வீழ்வது சரி. நல்லது ஏன் வீழ வேண்டும்? ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் 1970-இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை தருகிறது. அதற்காகப் பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சரக்கின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது என்றால், வாங்குபவன் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையே கொடுக்கத் துணிவான். அந்த விலை நல்ல சரக்குச் செய்பவனுக்குக் கட்டாது, அவன் விலகுவான். எஞ்சுவது மட்டச் சரக்கு. அக்கட்டுரையில் பழைய மோட்டார் கார்களே முதன்மையான சான்று. ஆயினும் நம் நாட்டுக் கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இல்லத்தரசியையும் அவர் மறக்கவில்லை!

மதுரையில் இதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. சுங்குடிச் சேலை இருக்கிறது. சௌராஷ்டிர மக்கள் வளர்த்த இக்கலையில், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கையால் இட்டுச் சாயம் தோய்க்கிறார்கள்; முடிச்சை அவிழ்த்த இடத்தில் வெண்புள்ளி மலர்கிறது. அச்சிட்டுப் புள்ளி வைத்த சேலையும் சுங்குடி என்றே விலையாகிறது. வேறுபாடு அறியாதவர் எதனால் கூடுதல் பணம் கொடுப்பார்? முடிச்சிடும் பெண்கள் அத்தொழிலை விட்டு விலகி வருகின்றனர். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உண்மைச் சேலையின் புள்ளியைத் தடவினால் சிறு மேடு தட்டுப்படும். ஒரு புள்ளி போல மறுபுள்ளி இராது. குறியீட்டைவிட இந்த விரலறிவு பெரிது என்பது என் எண்ணம்.

ஆட்டச் சந்தையைத் தூக்கி நிறுத்தியதும் ஒரு முத்திரைதான். 1985-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்த நிண்டெண்டோ, தன் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. உரிமம் பெறாத கேசட்டை அது ஏற்காது. உரிமம் பெற்றவரும் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது என்றது. நோய் தணிந்தது, ஆனால் எந்த ஆட்டம் பிழைக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் சேர்ந்தது. அதை நான் நல்ல மருந்து என்று சொல்ல மாட்டேன்.

இன்று கதவு அகலத் திறந்துவிட்டது. கூகுளின் கைப்பேசிக் கடையில் சரக்கை வைப்பதற்கான பதிவுக் கட்டணம் ஒருமுறை மட்டும் கட்டும் 25 டாலர்தான். மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் முதல் ஆட்டத்தை உலகுக்கு அளிக்க முடிவது இதனால்தான். அந்த ஆட்டம் ஆயிரம் நகல்களுக்கு அடியில் புதைந்துபோவதும் இதனால்தான். 2014-இல் ‘ஃபிளாப்பி பேர்டு’ என்னும் சிறு ஆட்டத்தை ஆக்கியவரே விலக்கிக்கொண்டபோது, அதன் நகல்கள் ஈசல் போலக் கிளம்பின.

கணினி ஆட்டங்களை விற்கும் ‘ஸ்டீம்’ கடையில் 2015 முதல் ஒரு வசதி இருக்கிறது: வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சேலைப் புள்ளியைத் தடவிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. கைப்பேசியில் விலையின்றி இறங்கும் ஆட்டங்களுக்கு அவ்வசதி பொருந்தாது. அங்கே ஆக்கியவர் யார், இதற்கு முன் என்ன செய்தார், ஆடியவர்கள் குறையாக எதைச் சொல்கிறார்கள் என்பவற்றை, இறக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு நாமே படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.