மெட்டியைக் கழற்றணுமா அக்கா?



போன வாரம் ஒரு காலையில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவர். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு டெல்லி போகிறார்களாம். அங்கிருந்து குருகிராம் பக்கம்தானே, ஆம்பியன்ஸ் மாலில் இருக்கிற ஐஸ்கேட் ரிங்குக்குப் போகணும் என்று பெரியவள் ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

"அக்கா, நீங்க கனடாவுல இதெல்லாம் பாத்துட்டு வந்தவங்களாச்சே. என்ன போட்டுக்கிட்டுப் போறது? மெட்டியைக் கழற்றணுமா?"

வண்டி வருவதற்குள் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று நேயர்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நமக்குக் குளிர் என்றால் மார்கழி விடியல். 20 டிகிரிக்கு இறங்கினாலே குல்லாவும் சால்வையுமாகத்தான் வாசலுக்குக் கோலம் போட வருகிறோம். ஐஸ் தரை என்றதும் அதையே பத்து மடங்காக்கி நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெண்ணும் ஆளுக்கொன்றாகக் கனத்த உல்லன் ஸ்வெட்டர் வாங்கி வைத்துவிட்டாள். மூடிய அரங்குக்குள் நிலைமை வேறு. ஐஸின் மேற்பரப்பு மைனஸ் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். அதன்மேல் நாம் நிற்கிற காற்று பெரும்பாலும் 10 டிகிரிக்குக் குறையாது. புதிதாக இறங்குகிறவர்கள் விழாமல் இருக்க உடம்பு முழுவதையும் இறுக்கிப் பிடிப்பார்கள். கால் மணி நேரத்தில் முதுகில் வியர்வை இறங்கிவிடும். வானம் பார்த்த ரிங்குக்குப் போனால் கதை வேறு. சிம்லாவில் 1920-இல் தொடங்கிய ரிங்க் இன்னும் இருக்கிறது. இரவுக் குளிரில் தண்ணீர் தானாக உறைந்துதான் அங்கே தரை உருவாகிறது. அங்கே கூடுதலாக ஒரு ஜாக்கெட் வேண்டும். ஆனால் இரண்டு இடத்துக்கும் உடுத்தும் முறை ஒன்றுதான்.

அந்த முறையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே மாநகராட்சி நடத்தும் திறந்தவெளி ரிங்குகளில் கட்டணம் கிடையாது. தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு சாயங்காலத்தில் வந்து நிற்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். அண்ணன் மகள் கூப்பிட்டாள் என்று நானும் கிளம்பினேன். பருத்திப் பனியன், அதன்மேல் பருத்திச் சுடிதார் டாப்ஸ், தடித்த ஸ்வெட்டர், ஜீன்ஸ், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். போதாக்குறைக்குக் கழுத்தில் நீளமான ஒரு சால்வை.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. மூன்று தடவை விழுந்தேன். விழுந்த இடத்து ஐஸ் தூள் ஜீன்ஸில் ஒட்டி, உடம்புச் சூட்டில் உருகி, முழங்காலிலிருந்து இடுப்பு வரை ஈரம் ஏறியது. மூச்சு வாங்க ஓரமாக நின்றேன். வியர்த்திருந்த பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஜில்லிட்டுப் போனது. பற்கள் அடித்துக்கொண்டன. விரல் மரத்து லேஸைக்கூட அவிழ்க்க முடியவில்லை. "அத்தை, ஜீன்ஸ் போட்டுக்கிட்டு யாராவது ஐஸ்ல இறங்குவாங்களா?" என்று அண்ணன் மகள் மண்டி போட்டு உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு எதிர்வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் கோல்டு ஸ்டோரேஜில் வருஷக்கணக்காக வேலை பார்ப்பவர். உறைந்த சரக்கை மைனஸ் 18 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே லாரி நிற்கிற இடத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வருகிறார் என்று அவருக்கே கணக்கு இல்லை. டிபன் பாக்ஸோடு எப்போதும் ஒரு துணிப்பை எடுத்துப் போவார். அதில் நாலைந்து பனியன் இருக்கும். "உள்ள போறதுக்கு முன்னாடி முதுகைத் தொட்டுப் பாப்பேம்மா. ஈரமா இருந்துச்சுன்னா மாத்திட்டுத்தான் போவேன். ஜாக்கெட் எவ்ளோ மொத்தமா இருந்தாலும் உள்ள பனியன் நனைஞ்சிருந்தா நிக்க முடியாது" என்றார்.

கனடாவில் எனக்குப் புரியாமல் போனது இதுதான். ஈரத் துணி வழியாக உடம்புச் சூடு ஓடிவிடும். அசையாமல் நிற்கிற காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்துகிறது. பருத்தி, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் வெயிலுக்கு அதனால்தான் அது அமிர்தம். பழவேற்காட்டுத் துறையிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாகப் பருத்தித் துணி ஏற்றிப் போன வட்டாரம் இது. பருத்தியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஐஸ் தரையில் தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். பாலியஸ்டர் கலந்த, உடற்பயிற்சிக்குப் போடுகிற டி-ஷர்ட் போதும். அது நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ரொம்பக் குளிர்கிற இடம் என்றால் தெர்மல் உள்ளாடை. அதன்மேல் மெல்லிய கம்பளியோ ஃபிளீஸோ. அதற்கும் மேலே ஜிப் வைத்த ஒரு ஜாக்கெட். ஜிப் வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். வியர்க்கத் தொடங்கியதும் திறந்துவிடலாம், நின்றதும் மூடிக்கொள்ளலாம். தலைவழியாகக் கழற்றுகிற கனத்த ஸ்வெட்டரை ஐஸ் நடுவில் நின்றுகொண்டு என்ன செய்வது?

ஒரே கனத்த துணியைவிடப் பல மெல்லிய துணிகள் ஏன் சூடு என்று அந்தப் பெண் அன்றைக்கு ரயில் நிலையத்தில் கேட்டாள். அதற்குப் பதில் ஒரு பழைய ஐஸ் கதையில் இருக்கிறது. மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, 1842-இல் அதைக் கட்டியது ஐஸ் சேமித்து வைக்க. அந்த ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து. அங்கே ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து ஐஸை அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். பாஸ்டனிலிருந்து அவருடைய ஐஸ் முதன்முதலாகக் கல்கத்தாவுக்கு வந்தது 1833-இல். நாலு மாதக் கடல் பயணத்தில், வெப்ப மண்டலத்தைத் தாண்டி, பாதிக்கு மேல் உருகாமல் வந்து சேர்ந்தது. அவருடைய கப்பல்களில் ஐஸைக் காப்பாற்றியது மரத்தூள். தூளுக்குத் தூள் இடையே சிக்கி நிற்கிற காற்று வெளிச் சூட்டை உள்ளே விடவில்லை. நம் ஊர் ஐஸ் கட்டியை மரத்தூளில் புரட்டிச் சாக்கில் சுற்றுவதும், மீன் வண்டியில் தெர்மாகோல் பெட்டி வைப்பதும் அதற்காகத்தான். இரண்டு மூன்று மெல்லிய துணிகளுக்கு நடுவே நிற்கிற காற்றும் அதே வேலையைச் செய்கிறது. ஐஸின் குளிரைக் காத்த காற்று நம் உடம்பின் சூட்டையும் காக்கிறது.

இனி இடுப்புக்குக் கீழே. ஜீன்ஸ் வேண்டாம் என்பதற்கு ஈரம் மட்டும் காரணம் இல்லை. சறுக்கும்போது முழங்காலை மடக்கியே நிற்க வேண்டும். விறைப்பான ஜீன்ஸ் மடங்கவிடாது. டிராக் பேண்ட் நல்லது. கணுக்காலில் எலாஸ்டிக் இருந்தால் இன்னும் நல்லது. தொளதொளவென்று தரையைத் தொடுகிற எதுவும் பிளேடில் மாட்டும். புடவை, பட்டியாலா, நீளப் பாவாடை எல்லாம் அன்றைக்கு அறையிலேயே இருக்கட்டும். துப்பட்டாவும் கூடாது. நாம் விழுகிறபோது பின்னால் வருகிறவருடைய பிளேடு அதன்மேல் ஏறினால் கழுத்தை இழுத்துவிடும். புர்கா அணிகிற சகோதரிகள், லெகிங்ஸின் மேல் முழங்கால் அளவுக்கு வருகிற தளர்வான மேலாடையும் ஊசி குத்தாமல் தலையோடு ஒட்டி நிற்கிற ஹிஜாபும் அணியலாம். பின்னலைத் தொங்கவிடாமல் மடித்துக் கட்ட வேண்டும்.

கால் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புதிதாகப் போகிற முக்கால்வாசிப் பேர் கஷ்டப்படுவது இதில்தான். ஷூவை ரிங்கிலேயே வாடகைக்குத் தருவார்கள். பெரும்பாலும் ஐரோப்பிய அளவு எழுதியிருக்கும். நம் கடையில் ஆண்களுக்கான 7 என்பது அதில் ஏறத்தாழ 41. எண்ணை நம்பாமல் போட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கிற விதம் சிப்காட் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாக சேஃப்டி ஷூ தரும்போது ஸ்டோரில் என்ன செய்வீர்கள்? குதிகாலைத் தரையில் தட்டி உட்காரவைத்து, லேஸை இழுத்துக் கட்டி, நடந்து பார்ப்பீர்கள். குதிகால் உள்ளே எழும்பினால் வேறு சைஸ் கேட்பீர்கள். இங்கேயும் அப்படியே. விரல் நுனி லேசாகத் தொட்டால் போதும், மடங்கக் கூடாது. லேஸை விரல் பக்கம் தளர்வாகவும், பாதம் வளைந்து கணுக்கால் தொடங்குகிற இடத்தில் நன்றாக இறுக்கியும், உச்சியில் மறுபடி கொஞ்சம் தளர்த்தியும் கட்ட வேண்டும். நடுவில் இறுக்கம் இல்லையென்றால் கணுக்கால் உள்பக்கமாகச் சாயும்.

சாக்ஸ் ஒன்றே ஒன்று. மெல்லியது, ஷூவின் விளிம்புக்கு மேலே வருகிற நீளம். பிள்ளைகளின் பள்ளிக்கூட நைலான் சாக்ஸே போதும். நான் போட்ட இரண்டு ஜோடியும் உள்ளே சுருண்டு, குதிகாலில் கொப்புளம் வந்தது. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரலும் மரத்தது. சாக்ஸ் கனக்கக் கனக்கக் கால் குளிரும் என்றால் நம்ப முடிகிறதா?

மெட்டிக்கு வருகிறேன். கழற்றித்தான் ஆக வேண்டும் தங்கச்சி. அந்த ஷூ நம் செருப்பு மாதிரி இல்லை. பலகை மாதிரி விறைப்பாக நாலு பக்கமும் அழுத்தும். மெட்டி பக்கத்து விரலில் பதிந்து தோலைக் கிழித்துவிடும். கொலுசின் திருகாணி கணுக்கால் எலும்பில் ஏறும். மாமியார் சங்கடப்படுவார் என்று தோன்றினால் மெட்டியைக் கைக்குட்டையில் முடிந்து ஜாக்கெட்டின் ஜிப் பைக்குள் வைத்துக்கொள். உன்னோடுதானே இருக்கிறது? கண்ணாடி வளையலும் வேண்டாம். விழுகிறபோது கைதான் முதலில் ஊன்றும். மோதிரத்தையும் கழற்றிவிடு, கையுறை நன்றாகப் பொருந்தும்.

கையுறை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. சூடு ஒரு காரணம். விழுந்து கிடக்கிற விரல்கள்மேல் அடுத்தவர் பிளேடு ஏறாமல் காப்பது அதைவிடப் பெரிய காரணம். விழுந்தால் உடனே கையை மூடி மார்போடு சேர்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இப்போதே வீட்டுக் கூடத்தில் சொல்லிக்கொடுங்கள். தலைக்கு ஹெல்மெட். ரிங்கில் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் சைக்கிள் ஹெல்மெட் கொண்டுபோகலாம். அப்பாவின் பைக் ஹெல்மெட்டைச் சின்னப் பிள்ளை தலையில் மாட்டாதீர்கள். கனமும் அதிகம், பக்கவாட்டில் வருகிறவர்களும் தெரிய மாட்டார்கள். உள்ளே குல்லா வேண்டுமென்றால் காதை மூடுகிற மெல்லியதாக இருக்கட்டும். குண்டான குல்லாவின்மேல் ஹெல்மெட் உட்காராது. முழங்காலுக்கு, பிள்ளைகளின் ரோலர் ஸ்கேட்டிங் பேடு இருந்தால் டிராக் பேண்டுக்கு உள்ளே கட்டிவிடலாம்.

பனி விளையாட்டு அரங்குகள் சிலவற்றில் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாம் அவர்களே மாட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் ரிங்குக்கும் வெறுங்கையோடு போய்விடாதீர்கள். அங்கே ஷூ மட்டும்தான் நிச்சயம். மற்றதைப் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னும் ஒன்று. எதிர்வீட்டு அண்ணன் கொண்டுபோகிற மாதிரி ஒரு துணிப்பை. ஆளுக்கொரு பனியன், ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு டிராக் பேண்ட், நனைந்ததைப் போட ஒரு கவர். ஐஸைவிட்டு வெளியே வந்ததும் டீ வாங்க ஓடுவதற்கு முன், பெஞ்சில் உட்காரவைத்துப் பிள்ளைகளின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கேயே மாற்றிவிடுங்கள்.